கீழே எழுதிய வரி

மொழிபெயர்ப்பில் நேரும் பிழைகளைப் போல மனிதனைச் சுலபமாகச் சிரிக்க வைக்கும் விஷயங்கள் அதிகம் இல்லை. ஹாஸ்ய எழுத்தாளன் ஒரு வாரம் உட்கார்ந்து யோசித்தாலும் தோன்றாத வேடிக்கையை, ஒரு போர்டு எழுதுகிறவர் பத்து நிமிஷத்தில் செய்து தெருமுனையில் நட்டுவிட்டுப் போய்விடுகிறார். நாமும் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். அப்படிச் சிரிக்கும்போது யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று நினைத்துப் பார்ப்பதில்லை. வேல்ஸ் நாட்டுப் பலகை ஒன்றைப் பற்றி முதன்முதலில் படித்தபோது நானும் நன்றாகத்தான் சிரித்தேன். சிரிப்பு அடங்கிய பிறகுதான் இந்தக் கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது.

பிரிட்டனின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது வேல்ஸ். அங்குள்ளவர்களின் சொந்த மொழி வேல்ஷ். ஆங்கிலத்தைக் கொஞ்சம் கோணலாகப் பேசினால் அதுதான் வேல்ஷ் என்று நம்மில் பலருக்கு ஓர் எண்ணம் உண்டு. அது சரியல்ல. அது தனி மொழி. கெல்டிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆங்கிலம் அந்தத் தீவில் காலெடுத்து வைப்பதற்கு முன்பே அதன் தாய்மொழி அங்கே புழங்கிக்கொண்டிருந்தது. இன்று அங்கே சாலைப் பலகைகள் எல்லாம் இரண்டு மொழிகளிலும் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

2008ஆம் ஆண்டில் ஸ்வான்ஸீ நகர நிர்வாகத்துக்கு ஒரு பலகை தேவைப்பட்டது. கனரக வாகனங்கள் உள்ளே வரக்கூடாது, இது குடியிருப்புப் பகுதி என்பது செய்தி. ஆங்கிலத்தில் எழுதியாயிற்று. வேல்ஷ் வாசகத்துக்காக மொழிபெயர்ப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினார்கள். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது, வேல்ஷ் மொழியில் இரண்டு சின்ன வாக்கியங்கள். பரவாயில்லையே, வேலை சுறுசுறுப்பாக நடக்கிறதே என்று அதை அப்படியே எடுத்து, ஆங்கிலத்துக்குக் கீழே எழுதி, பலகையை நிறுத்திவிட்டார்கள். வேல்ஷ் படிக்கத் தெரிந்தவர்கள் அந்தப் பக்கம் வந்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. கீழே எழுதியிருந்தது இதுதான்: “நான் தற்சமயம் அலுவலகத்தில் இல்லை. மொழிபெயர்க்க வேண்டிய வேலை ஏதாவது இருந்தால் அனுப்பி வையுங்கள்.”

மொழிபெயர்ப்பாளர் வெளியே போயிருந்தார். அவர் இல்லாத நேரத்தில் வருகிற கடிதங்களுக்கு இயந்திரம் தானாக அனுப்பும் பதில் அது.

இதற்குச் சளைக்காதவை இன்னும் இருக்கின்றன. 2006இல் கார்டிஃப் நகரில் பாதசாரிகளுக்காக வைத்த ஒரு பலகை, ஆங்கிலத்தில் ‘வலது புறம் பார்’ என்றது. வேல்ஷில் ‘இடது புறம் பார்’ என்றது. இரண்டு மொழியும் தெரிந்தவர் இரண்டு பக்கமும் பார்த்துப் பிழைத்துக்கொள்வார். ஒன்று மட்டும் தெரிந்தவர் கதிதான் கவலைக்குரியது. அதே ஆண்டு, கார்டிஃபுக்கும் பக்கத்து ஊரான பெனார்த்துக்கும் இடையே சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி நடக்க வேண்டும் என்று சொல்ல வேண்டிய பலகையில், நீர்ப்பை வீக்கம் கவிழ்ந்துவிட்டது என்று பொருள்படும்படி ஏதோ எழுதியிருந்தது. ஆங்கிலத்தில் சைக்கிள்காரருக்கும் அந்த வியாதிக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிப் பெயர். அகராதியில் வரி மாறிப் பார்த்துவிட்டார்கள் போலிருக்கிறது. இன்னொரு முறை, ஒரு பேரங்காடியில் மது கலக்காத பானங்கள் வைத்திருந்த அலமாரிக்கு மேலே ‘மது இலவசம்’ என்று வேல்ஷில் எழுதித் தொங்கவிட்டார்கள். ‘இல்லாதது’ என்பதற்கும் ‘இனாம்’ என்பதற்கும் ஆங்கிலத்தில் ஒரே வார்த்தை இருப்பதால் வந்த வினை. அன்றைக்கு வேல்ஷ் தெரிந்தவர்கள் எத்தனை பேர் அந்தக் கடைக்குள் ஆசையோடு நுழைந்தார்களோ!

இந்தச் செய்திகளுக்கு இரண்டு விதமான சிரிப்பு எழுந்தது. வேல்ஷ் பேசுகிறவர்கள் சிரித்தார்கள். ‘கோலுக்’ என்ற அவர்களுடைய வாரப் பத்திரிகை இப்படிப்பட்ட பலகைகளின் புகைப்படங்களை வரிசையாகவே வெளியிட்டு வந்தது. தன் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் தன் பெயரையே தப்பாக அச்சடித்திருப்பதைக் காட்டிச் சிரிக்கிறவனின் சிரிப்பு அது. மற்றொரு சிரிப்பு எல்லைக்கு அந்தப் புறத்திலிருந்து வந்தது: “பார்த்தீர்களா, அவர்களுக்கே தெரியாத பாஷை! அதற்கு ஒரு பலகை, பெயின்ட், வரிப்பணம்!”

என் நண்பர் ஒருவர் இங்கிலாந்தில் பல வருஷம் எஞ்சினீயராக இருந்துவிட்டுத் திரும்பியவர். அவருக்கு இரண்டாவது சிரிப்புதான். நான் இந்தக் கதையைச் சொன்னதும், “லாரிக்காரனுக்கு விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டதா, இல்லையா? மேலே இங்கிலீஷில் எழுதியிருக்கிறதே, படித்துவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறான். அந்தத் தேசத்தில் இங்கிலீஷ் தெரியாத பெரியவர் ஒருவர்கூட இருக்கமாட்டார், ஸார். பிறகு எதற்குக் கீழே ஒரு வரி?” என்றார்.

அவர் வாதத்தை நான் லேசாகத் தள்ளிவிட விரும்பவில்லை. அவர் சொல்வதில் பெரும்பகுதி உண்மை. வேல்ஷ் பேசுகிற பெரியவர்கள் எல்லோருக்கும் இன்று ஆங்கிலமும் தெரியும். 1911ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்போது வேல்ஸில் நூற்றுக்கு நாற்பத்து மூன்று பேருக்கு மேல், ஏறக்குறைய 10 லட்சம் பேர், வேல்ஷ் பேசினார்கள். 2021இல் 5 லட்சத்து 38 ஆயிரம் பேர். அதாவது நூற்றுக்குப் பதினெட்டுக்கும் கொஞ்சம் குறைவு. செய்தி சொல்வது ஒன்றுதான் பலகையின் தொழில் என்றால் என் நண்பர் ஜெயித்துவிட்டார்.

ஆனால் வார்த்தைக்குச் செய்தி சொல்வது ஒன்றுதானா வேலை? வீட்டு வாசலில் வந்து நிற்கிறவரைப் பார்த்து “வாருங்கள்” என்கிறோம். அதில் என்ன செய்தி இருக்கிறது? அவர்தான் வந்துவிட்டாரே! அந்த வார்த்தை தகவலே தருவதில்லை. ‘உங்களைப் பார்த்துவிட்டேன், நீங்கள் இங்கே வரத் தக்கவர்’ என்பதைத்தான் அது சொல்கிறது. வந்தவரை “வாருங்கள்” என்று கேளாத வீட்டில் ஒருவர் மூன்று வேளை விருந்து சாப்பிட்டாலும் அவருக்கு வயிறு நிறைவதில்லை. கீழே எழுதிய வரியும் அந்த ஜாதிதான். அது லாரிக்காரனுக்கு வழி சொல்ல வந்ததல்ல. அந்த ஊர் யாருடையதோ அவர்களைப் பார்த்து ஒரு “வாருங்கள்”.

அப்படியானால் ஸ்வான்ஸீயில் நடந்தது என்ன? சுவரைப் பார்த்துக்கொண்டு “வாருங்கள்” என்று சொன்னார்கள்.

எனக்கு இதில் உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. எல்லோரும் அதை மொழிபெயர்ப்புப் பிழை என்கிறார்கள். அந்தப் பலகையில் மொழிபெயர்ப்பே நடக்கவில்லை. பிழை எங்கிருந்து வந்தது? அந்த இரண்டு வாக்கியங்களும் சுத்தமான வேல்ஷ்; இலக்கணத்தில் குற்றம் கிடையாது. கேட்டவர் படிக்கவில்லை, எழுதியவர் படிக்கவில்லை, நட்டவர் படிக்கவில்லை. வேல்ஷ் போலத் தோற்றமளிக்கும் ஏதோ ஒன்று அவர்களுக்குத் தேவைப்பட்டது, கிடைத்தது. கோலம் போட்டால் நடுவில் ஒரு பூ வைப்பது போல. அந்த மொழிபெயர்ப்பாளரோ, தன் அலுவலகத்து மனிதர்கள் படிப்பார்கள் என்று நம்பித் தன் மொழியில் ஒரு சின்னச் செய்தி விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

அரைகுறையாகக் கற்றுக்கொண்டு தப்பும் தவறுமாகப் பேசுகிறவனைக் கண்டு எந்த மொழிக்காரனும் கோபிப்பதில்லை. வேல்ஷ் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு ஒரு பெரிய தொல்லை உண்டு. சொல்லின் முதல் எழுத்தே இடத்துக்குத் தக்கபடி மாறிவிடும். அவர்கள் தங்கள் நாட்டுக்கு வைத்திருக்கும் பெயர் ‘கம்ரி’. அதே பெயர் ஓர் இடத்தில் ககரத்தில் தொடங்கும், இன்னோர் இடத்தில் மெல்லின ஙகரமாகிவிடும். அகராதியில் தேடினால் வார்த்தை அகப்படாது. நாய்க்கு அவர்கள் சொல் ‘கி’. குள்ளன் என்பதற்கான ‘கோர்’ அதனோடு சேரும்போது அந்தக் கி மெலிந்து ஒலிக்கிறது. அதுதான் மகாராணி எலிஸபெத் ஆசையாக வளர்த்த ‘கோர்கி’ நாய். (தமிழ் எழுத்தில் இரண்டு கி-யும் ஒன்றுதான் என்பதால் நமக்கு இந்தத் தொல்லை கண்ணில் படாது; காதில்தான் படும்.) இதையெல்லாம் கற்கப் புகுந்து ஒருவன் தடுக்கி விழுந்தால் கூடி நிற்பவர்கள் சிரித்துக்கொண்டே கை கொடுத்துத் தூக்கிவிடுவார்கள். அவன் தெரிந்துகொள்ள முயன்று தவறியவன். தெரிந்துகொள்வதற்கு இதில் ஏதும் இருப்பதாகவே நினைக்காதவனின் தவறு வேறு.

அப்படி நினைப்பதற்கு ஒரு நீண்ட சரித்திரம் இருக்கிறது. வேல்ஸ் என்ற பெயரே வந்தேறிய ஜெர்மானியக் கூட்டத்தார் வைத்தது; அந்நியர்கள் என்று அர்த்தம். மண்ணுக்குரியவனை, வந்தவன் ‘அந்நியன்’ என்று கூப்பிட்டான். அந்தப் பெயரே உலகத்துக்கெல்லாம் நிலைத்துவிட்டது. ‘கம்ரி’ என்பதற்கு உடன்நாட்டார் என்று பொருள்.

1536ஆம் வருஷத்துச் சட்டம், நீதிமன்றத்தில் ஆங்கிலம் ஒன்றுதான் என்றது. ஆங்கிலம் வழங்காத வேல்ஷ்காரனுக்கு உத்தியோகம் கிடையாது என்றது. 1588இல் வில்லியம் மார்கன் என்ற பாதிரியார் பைபிளை முழுவதும் வேல்ஷில் பெயர்த்தார். கச்சேரியிலிருந்து துரத்தப்பட்ட மொழி கோயிலுக்குள் போய் உயிர் வைத்துக்கொண்டது. மொழிபெயர்ப்பு ஒரு மொழியைக் கேலிக்கு இடமாக்குவதும் உண்டு, காப்பாற்றுவதும் உண்டு என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டாம்.

1847இல் வந்தது அவர்கள் இன்றும் மறக்காத அவமானம். வேல்ஸின் பள்ளிக்கூடங்கள் எப்படி இருக்கின்றன என்று பார்த்து எழுத சர்க்கார் மூன்று பேரை அனுப்பிற்று. மூவரும் ஆங்கிலேயர், மூவருக்கும் வேல்ஷ் தெரியாது. வேல்ஷ் மட்டுமே தெரிந்த பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் கேள்விகள் போயின. போதாத மொழிபெயர்ப்பில் பதில்கள் வந்தன. பிள்ளைகள் விழித்தார்கள். ஜனங்கள் அறிவில்லாதவர்கள், ஒழுக்கம் குறைந்தவர்கள், அவர்கள் முன்னேற்றத்துக்கு அவர்கள் மொழியே பெரிய தடை என்று அறிக்கை தயாராயிற்று. நீல அட்டை போட்ட அந்த அறிக்கையை ‘நீலப் புத்தகங்களின் துரோகம்’ என்றே அவர்கள் பெயரிட்டு அழைக்கிறார்கள். ஸ்வான்ஸீ பலகைக்குச் சிரிக்கிறோம். இதுவும் மொழி தெரியாதவர்கள் செய்த காரியந்தான். இதற்குச் சிரிக்க வருகிறதா?

அந்த நூற்றாண்டுப் பள்ளிகள் பலவற்றில் ஒரு வழக்கம் இருந்தது. வேல்ஷ் பேசிய பையன் கழுத்தில் ஒரு மரத்துண்டைக் கட்டித் தொங்கவிடுவார்கள். அடுத்து எவன் வேல்ஷ் பேசுகிறானோ அவன் கழுத்துக்கு அது மாறும். சாயங்காலம் மணி அடிக்கும்போது யார் கழுத்தில் இருக்கிறதோ அவனுக்கு அடி. பையன்களையே ஒற்றர்களாக்கும் தந்திரம். இதற்கு லண்டனிலிருந்து எந்தச் சட்டமும் வரவில்லை. செய்தவர்கள் பெரும்பாலும் வேல்ஷ் ஆசிரியர்கள். பல இடங்களில் பெற்றோர்களும் சம்மதித்தார்கள், பிள்ளை ஆங்கிலம் கற்று உருப்படட்டும் என்று. நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு அந்த அறிக்கை எழுதிய மூன்று பேரைவிட இந்தத் தகப்பன்மார்தான் மனத்தை அதிகம் சங்கடப்படுத்துகிறார்கள். அவர்களை எப்படிக் குற்றம் சொல்வது?

மாத்யூ அர்னால்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய கவி, நல்ல விமர்சகர். ஆக்ஸ்ஃபோர்டில் கெல்டிக் இலக்கியத்தைப் பற்றி 1860களில் சொற்பொழிவு செய்து வானளாவப் புகழ்ந்தவர். அதே மனிதர், பேச்சு வழக்கில் வேல்ஷ் மொழி எவ்வளவு சீக்கிரம் மறைகிறதோ அவ்வளவுக்கு நல்லது என்றும் கருதினார். ஆராய்ச்சிக்கு மொழி வேண்டும். பேசுகிற வாய் வேண்டாம். லண்டன் டைம்ஸ் பத்திரிகை 1866இல், அந்த மொழி வேல்ஸுக்குப் பிடித்த சாபம் என்று எழுதிற்று. எனக்கென்னவோ டைம்ஸின் வசவு அர்னால்டின் புகழ்ச்சியை விடத் தேவலாம் என்று தோன்றுகிறது. செத்த பிறகு மாலையோடு வருவதாக அது வாக்குக் கொடுக்கவில்லை.

நண்பரிடம் இவ்வளவையும் சொன்னேன். “பழைய கணக்கு, ஸார். இப்போது யார் அடிக்கிறார்கள்? சட்டமே அவர்கள் பக்கம் இருக்கிறது” என்றார்.

சட்டம் இருக்கிறது என்பது வாஸ்தவம். 1967இல் ஒன்று, 1993இல் ஒன்று, 2011இல் வேல்ஷுக்கு வேல்ஸில் உத்தியோக மொழி என்ற அந்தஸ்து. ஆனால் சட்டம் சும்மா வந்துவிடவில்லை. லனெல்லி நகருக்குப் பக்கத்தில் லான்கென்னக் என்ற சிற்றூரில் ட்ரெவர் பீஸ்லி என்ற சுரங்கத் தொழிலாளியும் அவர் மனைவி ஐலீனும் இருந்தார்கள். ஊர் முழுவதும் வேல்ஷ் பேசுகிற ஊர். வரி வசூலிக்கும் சபையின் அங்கத்தினர்களும் வேல்ஷ் பேசுகிறவர்களே. வரிச் சீட்டு மட்டும் ஆங்கிலத்தில் வரும். 1952இல் அந்தத் தம்பதி, வேல்ஷில் சீட்டு வந்தால் வரி கட்டுகிறோம் என்றார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாதா? நன்றாகத் தெரியும். எட்டு வருஷம் அந்தச் சண்டை நடந்தது. பலமுறை கோர்ட்டில் ஏற்றினார்கள். அமீனா வந்து மேஜை நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போனான், பியானோவும் போயிற்று. 1960இல் இரண்டு மொழிகளிலும் அச்சடித்த சீட்டு வந்தது. 1962இல் ஸான்டர்ஸ் லூயிஸ் என்ற நாடகாசிரியர் தம் மொழியின் விதியைப் பற்றி வானொலியில் ஆற்றிய பேருரையில் இந்தத் தம்பதியைத்தான் உதாரணம் காட்டினார். அந்த ஆண்டே மொழிக்காக ஒரு சங்கம் தோன்றிற்று; வாலிபர்கள் ஆங்கிலப் பலகைகளின் மேல் பெயின்ட் பூசிவிட்டுச் சிறைக்குப் போனார்கள்.

ஒரு காகிதத்துக்காக ஒரு குடும்பம் பியானோவை இழப்பது பைத்தியக்காரத்தனமா? லாப நஷ்டக் கணக்கில் பைத்தியக்காரத்தனந்தான். ஆனால் அவர்கள் கேட்டது காகிதத்தை அல்ல. தங்களோடு தினம் தெருவில் வேல்ஷில் பேசுகிற அதே மனிதர்கள், மேஜைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தவுடன் தங்களைத் தெரியாதவர்களாக நடந்துகொள்ளக் கூடாது என்று கேட்டார்கள். அது சின்ன விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

“சரி, அவ்வளவு கஷ்டப்பட்டுக் கிடைத்த பலகையில் உளறி வைப்பதைவிட, எழுதாமலே விடலாமே?” என்றார் நண்பர். இது நல்ல கேள்வி. நெடுநேரம் யோசித்தேன். உளறலாக இருந்தாலும் அந்த வரி இருக்கட்டும் என்பதுதான் என் கட்சி. பலகையில் வேல்ஷ் இல்லாமலே இருந்திருந்தால் யாரும் அதைப் புகைப்படம் எடுத்திருக்கமாட்டார்கள், சிரித்திருக்கவும் மாட்டார்கள், குறை என்று தோன்றியே இராது. தப்பாக எழுதிய வரியைப் படித்துக் கண்டுபிடிக்க ஆள் இருந்தது. நிர்வாகம் வெட்கப்பட்டுப் பலகையைக் கழற்றிற்று. ஆனால் அதோடு திருப்தி அடைந்துவிடவும் என்னால் முடியவில்லை. எழுத வைக்கச் சட்டத்தால் முடிகிறது. பலகையை நடுவதற்கு முன் அதை எடுத்துக்கொண்டு, வேல்ஷ் தெரிந்த ஒரு சக ஊழியரிடம் போய், “இது சரியா, கொஞ்சம் பாருங்கள்” என்று கேட்க வைப்பதற்கு எந்தச் சட்டத்தை எழுதுவது? இப்போது இயந்திரமே கண் இமைப்பதற்குள் மொழிபெயர்த்துத் தந்துவிடுகிறது. அந்த ஒரு நடையும் மிச்சம்.

நண்பர் விடவில்லை. வேல்ஷைப் பற்றி இங்கிலாந்தில் கேட்ட கேலிகளை எல்லாம் எடுத்து வைத்தார். அதில் உயிரெழுத்தே இல்லையாம். உண்மையில் ஏழு இருக்கின்றன. ஆங்கிலேயர் மெய்யாக நினைக்கும் இரண்டு எழுத்துகள் அங்கே உயிர். டாக்ஸிக்கு அவர்களிடம் சொந்த வார்த்தை இல்லையாம், ‘டாக்ஸி’ என்றே எழுதுகிறார்களாம். ஆங்கிலத்துக்கு மட்டும் அந்த வார்த்தை சொந்தப் பாட்டி வீட்டிலிருந்தா வந்தது? கடன் வாங்கினால் ஏழை என்று கேலி. புதிதாகச் சொல் ஆக்கினால் செயற்கை என்று கேலி. எப்படி ஆடினாலும் அவுட்.

கடைசியாக அவர் சொந்த அனுபவத்தைச் சொன்னார். ஒரு தடவை வடக்கு வேல்ஸுக்கு மழையில் காரோட்டிக்கொண்டு போனாராம். வழியில் ஒரு கிராமத்துச் சாராயக் கடைக்குள், காப்பி கிடைக்குமா என்று கேட்க நுழைந்தாராம். “நான் உள்ளே கால் வைத்ததுதான் தாமதம், ஸார், அத்தனை பேரும் வேண்டுமென்றே வேல்ஷுக்கு மாறிவிட்டார்கள்! என்ன மரியாதை இது?”

இந்தப் புகாரை நான் முன்பே வேறு பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வேல்ஸுக்குப் போய் வந்த ஆங்கிலேயர் பலர் இதையே சொல்வார்கள். ஆகவே நிதானமாகக் கேட்டேன்: “நீங்கள் கதவைத் திறப்பதற்கு முன்னால் அவர்கள் என்ன பேசிக்கொண்டிருந்தார்கள்?”

நண்பர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அது எனக்கு எப்படி, ஸார், தெரியும்? நான்தான் வெளியே இருந்தேனே!” என்றார்.